சீர்காழி தந்த நூலகத் தந்தை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

காவிரி வளம் கொழிக்கும் சோழவள நாடு நெல்லுக்குப் பெயர் பெற்றது. இசைக்குப் பெயர் பெற்றது. வானளாவிய கோயில்களுக்குப் பெயர் பெற்றது. இவை நாம் அனைவரும் அறிந்தவையே. ஆனால் இந்நாடு நூலகத்துக்கும் பெயர் பெற்றது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? தஞ்சை அரண்மனையிலுள்ள சரசுவதி மகால் நூலகம் அரிய ஓலைச்சுவடிகளைக் காத்துத் தந்தது. அதே தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஒருவர், காத்த நூல்களைப் படிப்பவர் கையில் கொண்டு சேர்ப்பதே நூலகரின் கடமை என்று உலகுக்கு எடுத்துரைத்தார். அவர்தாம் சீர்காழி இராமாமிருதம் ரங்கநாதன் அவர்கள். எஸ். ஆர். ரங்கநாதன் என்றால் உலகெங்கும் உள்ள நூலகத் துறையினர் அறிவர். அவர் நம்மைப் போலவே கணிதம் பயின்றவர். கணிதப் பேராசிரியராகப் பணி செய்தவர். நூலக வேலையை விரும்பாமல் ஏற்று, பின்னர் அதைக் கற்று, கற்றதனால் அதை விரும்பியவர். அவருடைய வாழ்வை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

சீர்காழி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. திருஞானசம்பந்தர் தோன்றிய திருத்தலம் அது. அவ்வூரில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இராமாமிருத ஐயருக்கும் சீதாலட்சுமி அம்மையாருக்கும் மகனாக ரங்கநாதன் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவ்வூரிலேயே உள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் கல்வி பயின்றார். பின்னர்ச் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று தாம்பரத்தில் இருக்கும் அக்கல்லூரி அன்று சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே எட்வர்ட் பி. ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்கு நல்லாசிரியராக வாய்த்தார். 1913இல் பி.ஏ. பட்டமும், 1916இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அதன்பின் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சியும் முடித்தார்.

1917 முதல் மங்களூரிலும், கோயம்புத்தூரிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் பணியாற்றினார். அவருக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. வகுப்பில் நின்று பேசியே பிழைக்க வேண்டிய ஒருவருக்கு இது எத்தகைய இடையூறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் முயன்று முயன்று அக்குறையைச் சிறிது சிறிதாக வென்றார். கணிதம் கற்பிப்பதே தம் வாழ்வு என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால் காலம் வேறொரு பாதையை வைத்திருந்தது.

விரும்பாமல் ஏற்ற வேலை

1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் முதன்முதலாக ஒரு நூலகரை அமர்த்த முடிவு செய்தது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். நூலகப் பயிற்சி பெற்றவர் என்று சொல்லத்தக்கவர் அவர்களுள் இல்லை. கல்லூரியில் பெற்றதைவிட ஊதியம் மிகுதி என்பதால், நண்பர்கள் தூண்ட, ரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகம் பற்றி அவர் அறிந்திருந்ததெல்லாம், நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்துக்கொண்ட செய்திகள்தாம். ஆனாலும் பதவி அவருக்கே கிடைத்தது. 1924 சனவரியில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அவருக்கு மனம் கசந்தது. மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகியவருக்கு, ஆளரவமற்ற அறையில் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது சிறைவாசம் போல் இருந்தது. நூலகர் என்றால் சாவியை வைத்திருப்பவர் என்பதுதானே அன்றைய நினைப்பு! தம்மைப் பழைய கணித வேலைக்கே திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு மாநிலக் கல்லூரிக்கே போய்க் கேட்டுவிட்டார். பெரியோர்கள் ஒரு வழி சொன்னார்கள். இங்கிலாந்து சென்று நூலகப் பணியை முறையாகக் கற்று வருவது. அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்குத் திரும்பிவிடுவது. அவ்வாறே ரங்கநாதன் 1924 செப்டம்பரில் கப்பலேறினார்.

ஆசிரியர் மாணவரானார்

அப்போது அவருக்கு வயது 32. பட்டதாரிகளுக்குப் பாடம் சொன்னவர், மீண்டும் மாணவராக லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் அமர்ந்தார். அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் நூற்பகுப்புப் பாடம் நடத்தினார். சேயர்ஸ், லண்டனுக்கு அருகிலுள்ள குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். ஏட்டுப் பாடம் மட்டும் போதாது என்று கண்ட அவர், ரங்கநாதனைத் தம் நூலகத்திலேயே செய்முறைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

ரங்கநாதனின் வாழ்வு திரும்பிய இடம் இதுவே எனலாம். ஒரு நூல் வாங்கப்படுவது முதல் வாசகர் கையில் சேர்ந்து திரும்பி வருவது வரை உள்ள படிகளையெல்லாம் அவர் அங்கு நேரில் கண்டார். அதைவிட முக்கியமாக, அங்கே வந்த மனிதர்களைக் கண்டார். குழந்தைகள் வந்தார்கள், அவர்களுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. வேலை முடிந்த தொழிலாளர்கள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். சென்னையில் ஆளில்லாத அறையாகத் தாம் கண்ட நூலகம், இங்கே ஊரார் அனைவரும் வந்து போகும் இடமாக இருந்தது. இங்கிலாந்து முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925இல் தாயகம் திரும்பியபோது, கணித வேலையைத் திரும்பக் கேட்கும் எண்ணமே அவரிடம் இல்லை.

வேலை மாறவில்லை; அவ்வேலையைப் பற்றி அவர் அறிந்திருந்தது மாறிவிட்டது. கற்றுக்கொள்ளாமல் ஒரு தொழிலை வெறுப்பது எளிது. பிடிக்காத பாடப் பிரிவில் இடம் கிடைத்ததே என்று மனம் சோரும் நம் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொம்மைக் கடையில் கண்ட உண்மை

லண்டனில் இருந்தபோது அவர் மனத்தை ஒரு கேள்வி உறுத்தியது. உலகப் புகழ் பெற்ற டூயி பகுப்பு முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. இந்திய நாட்டின் மெய்யியல், மொழிகள், சமயங்கள் ஆகியவற்றுக்கு அதில் இருந்த இடம் மிகக் குறுகியது. புதிதாக எழும் துறைகளுக்கு எங்கே இடம் தேடுவது?

ஒரு நாள் செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெருங்கடைக்குச் சென்றார். அங்கே மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். துளையிட்ட தகடுகள், கம்பிகள், திருகாணிகள் ஆகிய சில உறுப்புகளே அதில் உள்ளவை. அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தினால் வண்டியும் ஆகிறது, பாலமும் ஆகிறது. இதைக் கண்டதும் அவர் உள்ளத்தில் பொறி தட்டியது. நூலின் பொருளையும் இவ்வாறே உறுப்புகளாகப் பிரித்துப் பின் இணைத்தால் என்ன? இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைக் கொண்டார். முக்காற்புள்ளிக்கு ஆங்கிலத்தில் கோலன் என்று பெயர். ஆதலால் இம்முறை கோலன் பகுப்பு முறை எனப்பட்டது. 1933இல் அது நூலாக வெளிவந்தது.

நம் ஊர் வழக்கில் ஒரு சான்று சொல்கிறேன். தஞ்சை வட்டாரத்தில் நெற்பயிருக்கு வரும் நோய் பற்றி ஒரு நூல் இருக்கிறது என்று கொள்வோம். துறை வேளாண்மை, பயிர் நெல், செய்தி நோய், இடம் தஞ்சை. இந்நான்குக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. நான்கையும் வரிசைப்படி இணைத்தால் அந்நூலின் எண் கிடைத்துவிடும். வேளாண்மைக்கு அவர் தந்த குறி ஜே என்னும் ஆங்கில எழுத்து. நம் கணிதத்துக்கு பி. நாளை இதுவரை கேள்விப்படாத ஒரு பயிர் வந்தாலும், ஒரு நோய் வந்தாலும், அதற்குரிய உறுப்பை மட்டும் சேர்த்தால் போதும். பகு எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கக் கற்ற நமக்கு, இது ஒரு கணித ஆசிரியரின் கைவண்ணம் என்பது உடனே விளங்கும்.

ஐந்து விதிகள்

பல நூலகங்களின் பலவேறு நடைமுறைகளையும் கண்ட ரங்கநாதன், அவை அனைத்துக்கும் அடிப்படையான சில விதிகள் இருக்க வேண்டுமே என்று தேடினார். நியூட்டன் இயக்க விதிகளைத் தந்தது போல நூலகத்துக்கும் விதிகள் வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் விதியைச் சுருக்கமான சொற்களில் எடுத்துத் தந்தவர் அவருடைய பழைய ஆசிரியர் ராஸ் என்பது அறிந்து மகிழத்தக்கது. 1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில் ஆசிரியர்கள் முன்னிலையில் இவ்விதிகளை அவர் விளக்கினார். 1931இல் அவை நூலாயின.

அவற்றின் கருத்தை என் சொற்களில் தருகிறேன். நூல் இருப்பது படிக்கப்படுவதற்காக. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் நாளும் வளரும் உயிர் போன்றது. இவ்வளவுதான்! படிக்கும்போது இதில் என்ன புதுமை என்று தோன்றும். இவ்விதிகளின் அருமையை நான் உணர்ந்தது இவ்வாண்டு சூன் மாதத்தில்.

பள்ளி திறந்து கல்லூரி திறக்காத மூன்று வாரங்கள் அவை. எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், கணக்குப் பாடத்தோடு நூலகப் பொறுப்பையும் கூடுதலாகச் சுமந்த ஓர் ஆசிரியை, உதவிக்கு ஆள் தேடினார். நான் போனேன். அங்கே இரண்டு இரும்புப் பீரோக்கள் பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்தன. காரணம் ஆசிரியர்களின் சோம்பல் அன்று. நூல் ஒன்று தொலைந்தால் பொறுப்பில் உள்ளவர் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சமே காரணம். பூட்டியிருந்தால் எதுவும் தொலையாது அல்லவா?

முதல் வாரம் முழுவதும் தூசி தட்டினோம். கரையான் அரித்தவற்றைப் பிரித்தோம். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள வரிசை எண்ணோடு ஒவ்வொரு நூலையும் ஒப்பிட்டோம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முத்திரையிட்டு எண் எழுதுவது, அதே எண்ணை உள்ளே ஒரு குறித்த பக்கத்திலும் எழுதி வைப்பது, முதுகில் சீட்டு ஒட்டுவது, கடைசித் தாளில் தேதிச் சீட்டு ஒட்டுவது ஆகியவற்றை ஆசிரியை கற்றுத் தந்தார். முகப்புத் தாள் கிழிந்து போனாலும் நூலை அடையாளம் காணவே உள்பக்கத்து எண். எடை குறைந்த நூல் மேல் தட்டில். படம் நிறைந்த சிறுவர் நூல் சின்னஞ்சிறு கைகளுக்கு எட்டும் கீழ்த் தட்டில். எந்த நூலை எங்கே வைப்பது என்பதிலேகூட ஒருவருடைய நேரம் அடங்கியிருக்கிறது என்பதை அன்று கண்டேன். நான்காம் விதி அதுவே.

மூன்றாம் வாரம் பிள்ளைகளுக்கு நூல் வழங்கினோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எதையும் எடுக்காமல் நின்றான். என்ன வேண்டும் என்று கேட்டேன். வயலில் அப்பா அடித்த பாம்பு நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டும் என்றான். பாம்புகளைப் பற்றிய படநூல் ஒன்று எங்களிடம் இருந்தது. வாங்கிய நாள் முதல் யாரும் எடுக்காத நூல் அது. அவன் எடுத்துப் போனான். அந்த வாரத்துக்குள் ஆறு பேர் அதைக் கேட்டு வந்தார்கள். மூன்றாம் விதியை எனக்கு விளக்கியவன் அந்தச் சிறுவன்தான்.

என் வீட்டில் புத்தகம் என்றால் ஆண்டுக்கு ஒரு பஞ்சாங்கம். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம் வகுப்பறைகளில் என்னைப் போன்றவர்களே மிகுதி. புத்தகம் நிறைந்த வீட்டில் பிறந்தவருக்குப் பள்ளி நூலகம் பூட்டிக் கிடந்தால் பெரிய இழப்பில்லை. வீட்டில் புத்தகமே இல்லாதவருக்கு அந்தப் பூட்டு எதிர்காலத்தின் மேல் தொங்கும் பூட்டு. ரங்கநாதன் சென்னைப் பல்கலைக் கழக நூலகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகர்களே உள்ளே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க வழி செய்தார். இது எவ்வளவு பெரிய துணிவு என்பது சாவிக்கொத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கே தெரியும்.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

நகரத்தாருக்கு மட்டும் நூலகம் போதுமா? சிற்றூர்களில் வாழ்வோர் என்ன செய்வர்? இதற்கு விடை நம் காவிரிப் படுகையிலேயே கிடைத்தது. மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர், நூல்களை ஏற்றிச் செல்லத்தக்க மாட்டு வண்டி ஒன்றை அமைத்தார். 1931 அக்டோபர் 21ஆம் நாள் ரங்கநாதன் அவ்வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் ஓடிய அதே சாலையில் நூல் மூட்டை ஏற்றிய வண்டியும் ஊர் ஊராக ஓடியது. இந்திய நூலக வரலாற்றில் மன்னார்குடிக்கு அழியாத இடம் தந்த நிகழ்ச்சி இது.

பயிற்சியும் சட்டமும்

தாம் குராய்டனில் பெற்ற பயிற்சி தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்பது ரங்கநாதனின் கவலை. 1928 சனவரியில் சென்னை நூலகச் சங்கம் தோன்றப் பெரிதும் உழைத்தார். அச்சங்கம் 1929இல் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக் கழகமே அதை ஏற்றுக்கொண்டது. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் தனி நூல் ஒன்றும் எழுதினார். பள்ளி நூலகத்தில் பழகிய கைதான் பின்னாளில் பொது நூலகத்தைத் தேடி வரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நூலகம் செல்வர்களின் கொடையை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. சட்டத்தின் துணை வேண்டும் என்பதும் அவர் கொள்கை. 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே ஒரு மாதிரிச் சட்ட முன்வரைவை வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, வீட்டு வரியோடு ஒரு சிறு நூலக வரி என்னும் ஏற்பாடு அதனால் வந்தது. நம் ஊர்க் கிளை நூலகத்தின் வேர் அங்கே இருக்கிறது. கூரை வீட்டுக்காரர் செலுத்திய சில்லறையும் அதில் அடக்கம். ஆகவே அது நம்முடைய நூலகம் என்று உரிமையோடு உள்ளே செல்லலாம்.

பிற்கால வாழ்வு

இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் பணியாற்றிய பின், 1945இல் காசி இந்துப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்து ஒழுங்கு செய்தார் என்றால் அவர் உழைப்பை என்னென்பது! 1947 முதல் 1954 வரை தில்லிப் பல்கலைக் கழகத்தில் நூலகவியலைப் பட்டப் படிப்பாக வளர்த்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தங்கி ஆராய்ந்தார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது. தாம் சேமித்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்பட வழி செய்தார்.

கணிதத்தையும் அவர் மறக்கவில்லை. 1967இல் கணித மேதை இராமானுசனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசனின் அறிவைத் தூண்டியது கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல். பள்ளி மாணவராக இருந்தபோது ஒரு நண்பர் வழியாகக் கல்லூரி நூலகத்துப் படி அவர் கைக்கு வந்தது. எத்தனையோ பேர் புரட்டி வைத்திருக்கக்கூடிய நூல். அதற்குரிய வாசகர் அன்றுதான் வந்து சேர்ந்தார். அந்நூல் பூட்டிய பீரோவில் கிடந்திருந்தால்?

1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் ரங்கநாதன் மறைந்தார். ஆகஸ்டு 12 அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்பட்டு, ஆண்டுதோறும் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் செய்யத்தக்கது

பெரியோர் வாழ்வைப் படித்து வியப்பதோடு நின்றுவிட்டால் பயனில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு சிற்றூரில் ஏழு நாள் முகாம் நடத்துகிறோம். சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவற்றோடு, அவ்வூர்ப் பள்ளி நூலகத்தை ஒழுங்கு செய்யும் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் பணிவான வேண்டுகோள். பதிவேட்டைச் சரிபார்த்து, சீட்டு ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டும் தட்டில் நூல்களை அடுக்க ஏழு நாள் போதும். அதற்குப் பசையும் தாளும் பொறுமையும் இருந்தால் போதும். தொலையும் நூலுக்குத் தனி ஆசிரியர் ஒருவர் தண்டம் கட்ட வேண்டும் என்ற அச்சம் நீங்க, விரிவுரையாளர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் கலந்து பேசி ஒரு வழி காண வேண்டும்.

மேட்டூரில் நீர் திறந்தால் மட்டும் கடைமடை விளைந்துவிடுவதில்லை. வாய்க்காலும் மடையும் திறந்திருக்க வேண்டும். நூல்களும் அப்படித்தான். கடைமடைப் பிள்ளையின் கைக்கு நூல் சென்று சேரும் வரை சீர்காழிப் பெரியவர் தொடங்கிய பணி முடிந்ததாகாது. அப்பணியில் நாமும் பங்கு கொள்வோமாக!